கொலையைக் கொலை என்றவர்: படைத்தலைவர் பர்ன்ஸ் தூதுவரான வரலாறு

தமிழ் இலக்கியத்தில் தூது என்னும் சொல்லுக்கு நெடிய வரலாறு உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரையும், நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி என்னும் இரு சோழர்க்கிடையே நின்று போர் தவிர்க்க முனைந்த கோவூர்கிழாரையும் புறநானூறு நமக்குக் காட்டுகிறது. அவர்கள் புலவர்கள். வாள் பிடித்த கையினர் அல்லர்; சொல்லையே கருவியாகக் கொண்டவர்கள். வள்ளுவரும் பொருட்பாலில் தூது என ஓர் அதிகாரமும், படைமாட்சி, படைச்செருக்கு எனப் படைக்கு இரண்டு அதிகாரங்களும் தனித்தனியே வகுத்தார். படைத் தொழில் வேறு, தூதுத் தொழில் வேறு என்பதே மரபின் பொதுநிலை.

இருபதாம் நூற்றாண்டு இந்நிலையை மாற்றியது. ஒரு நகரை ஒரே குண்டினால் சாம்பலாக்கும் ஆற்றலை மனிதன் பெற்றபின், அந்த ஆயுதத்தைக் குறித்துப் பேசுவதற்குப் படைக்கலத்தின் இயல்பறிந்தவர் வேண்டப்பட்டனர். படைத்தலைவர்கள் சிலர் சீருடை களைந்து தூதுவராயினர். அவர்களுள் கனடா நாட்டு லெப்டினன்ட் ஜெனரல் ஈட்சன் லூயி மில்லர்ட் பர்ன்ஸ் தனித்து நோக்கத்தக்கவர். இரண்டு உலகப் போர்களிலும் பங்கு கொண்டவர். ஐக்கிய நாடுகள் அவையின் முதல் அமைதிப் படைக்குத் தலைமை தாங்கியவர். பின்னர் எட்டு ஆண்டுகளுக்கு மேலாக ஆயுதக் களைவுப் பேச்சுகளில் தம் நாட்டின் குரலாக விளங்கியவர். இத்தனைக்கும் மேலாக அவர் ஓர் எழுத்தாளர். ஆகவே கவிஞர்களும் இலக்கிய அன்பர்களும் கூடியுள்ள நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அவர் வரலாறு இடம்பெறுவது பொருந்தும் என்று கருதுகிறேன்.

1. சேறும் எழுத்தும்

பர்ன்ஸ் 1897ஆம் ஆண்டு சூன் 17ஆம் நாள் மொன்றியலில் பிறந்தார். முதல் உலகப் போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டில் கிங்ஸ்டன் நகரிலுள்ள அரச இராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பை முடிக்கும்வரை போர் காத்திருக்கவில்லை. 1915இல் பொறியியல் படைப்பிரிவில் அதிகாரியாக அமர்த்தப்பட்டுப் பிரான்சின் பதுங்குகுழிகளுக்குச் சென்றார். செய்தித் தொடர்புப் பிரிவில் அவர் பணி அமைந்தது. குண்டு மழைக்கிடையே அறுந்துபோன தொலைபேசிக் கம்பிகளைத் தேடி ஒட்டவைப்பது அப்பிரிவினரின் அன்றாட வேலை. அப்பணிக்காக இளம் வயதிலேயே இராணுவச் சிலுவை விருது பெற்றார். பிற்காலத்தில் ஆயுத வல்லரசுகளுக்கிடையே அறுந்துபோன உரையாடலை ஒட்டவைக்க முயன்ற ஒருவரின் வாழ்வு இவ்வாறு தொடங்கியது என்பது எண்ணத்தக்கது.

போர் முடிந்தபின் நிலைப்படையிலேயே தங்கினார். நில அளவை, வானிலிருந்து எடுத்த ஒளிப்படங்களைக் கொண்டு வரைபடம் அமைத்தல் ஆகிய துறைகளில் வல்லுநரானார். 1920களின் இறுதியில் அன்றைய பிரிக்கப்படாத இந்தியாவின் குவெட்டா நகரிலிருந்த படைத்துறைப் பயிற்சிக் கல்லூரியில் பயின்றார். இந்திய மண்ணோடு அவருக்கு ஏற்பட்ட முதல் தொடர்பு அது.

இக்காலத்தில் அவருக்கு மற்றொரு வாழ்வும் இருந்தது. அமெரிக்காவில் எச். எல். மென்கென் நடத்திய 'அமெரிக்கன் மெர்குரி' இதழில் 'ஆர்லிங்டன் பி. கான்வே' என்னும் புனைபெயரில் கட்டுரைகள் எழுதினார். 1929இல் கனடிய எழுத்தாளர் மாட்ஜ் மக்பெத் அம்மையாருடன் இணைந்து ஒரு புனைகதை நூலும் வெளியிட்டார். படைத்துறை இதழ்களிலோ தம் சொந்தப் பெயரில் எழுதினார். தாக்கும் படைப்பிரிவில் பீரங்கி ஊர்திகளை எவ்வாறு அமைப்பது என்பது குறித்து அவருக்கும் கை சைமண்ட்ஸ் என்னும் இளம் அதிகாரிக்கும் 1938ஆம் ஆண்டளவில் நிகழ்ந்த எழுத்துப் போர் கனடியப் படைத்துறை வரலாற்றில் இன்றளவும் பேசப்படுகிறது. கட்டளைக்குப் பணியும் தொழிலில் இருந்துகொண்டே கருத்தை எழுதிப் பார்க்கும் பழக்கம் அவரிடம் இருந்தது. பின்னாளில் அவரை உயர்த்தியதும் இடறச் செய்ததும் அப்பழக்கமே.

இடறல் விரைவிலேயே வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது 1941இல் இங்கிலாந்தில் பணியாற்றிய அவர், தம் தோழி ஒருவருக்கு எழுதிய மடல்களில் மேலதிகாரிகளையும் நேச நாடுகளின் போக்கையும் மனம்விட்டுக் குறை கூறியிருந்தார். மடல்கள் தணிக்கை அலுவலரின் கையில் அகப்பட்டன. பிரிகேடியர் நிலையிலிருந்து கர்னல் நிலைக்கு இறக்கப்பட்டுத் தாயகம் அனுப்பப்பட்டார். வேறொருவராயின் அத்துடன் படை வாழ்வு முடிந்திருக்கும். அவர் திறமையின் தேவை அவரை மீட்டது.

2. சிரிக்காத தலைவர்

1944ஆம் ஆண்டு மார்ச்சில் இத்தாலியில் முதலாம் கனடியப் படைத்தொகுதியின் தலைமை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் லிரிப் பள்ளத்தாக்கில், 'இட்லர் அரண்வரிசை' எனப் பெயர் பெற்ற செருமானியக் காப்பரணை அவருடைய படைகள் உடைத்தன. அதே பள்ளத்தாக்கின் வாயிலில், காரி ஆற்றைக் கடந்து வழி திறந்தவற்றுள் 8ஆம் இந்தியப் படைப்பிரிவும் ஒன்று. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் அட்ரியாட்டிக் கடற்கரையை ஒட்டி 'கோதிக் அரண்வரிசை'யையும் கனடியர் பிளந்தனர்.

வெற்றிகள் வந்தும் தலைவரை எவரும் விரும்பவில்லை. பர்ன்ஸ் சிரிப்பறியாதவர், பேச்சில் வறட்சி மிக்கவர். படையினர் எள்ளலாக அவருக்கு 'சிரிக்கும் சன்ரே' என்று பெயரிட்டனர். சன்ரே என்பது வானொலியில் படைத்தலைவரைக் குறிக்கும் மறைமொழி. கீழிருந்த பிரிவுத் தலைவர்களின் நம்பிக்கையும் மேலிருந்த பிரித்தானியத் தளபதிகளின் ஆதரவும் அவருக்கு வாய்க்கவில்லை. 1944 நவம்பரில் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். அவர் இடத்திற்கு வந்தவர் சார்லஸ் ஃபோக்ஸ். பின்னாளில் கனடியப் படைத்துறையின் தலைமைக்குழுத் தலைவராக உயர்ந்து 1960வரை அப்பதவியில் இருந்தவர் அவரே.

தோல்வியுற்ற தலைவன் விலக்கப்படுவது உலக வழக்கு. வென்றும் விலக்கப்பட்டவரின் மனநிலை எத்தகையது? இந்தப் புண்ணைப் பர்ன்ஸ் ஓலமிட்டுக் காட்டவில்லை. இரு போர்களையும் பற்றி 1970இல் வெளியிட்ட நினைவு நூலுக்கு 'ஜெனரல் மட்' என்று பெயர் வைத்தார். 'தளபதி சேறு' என்று நாம் அதனை மொழிபெயர்க்கலாம். பிரான்சின் பதுங்குகுழியிலும் இத்தாலியின் மழைக்காலத்திலும் உண்மையில் ஆட்சி செலுத்திய தளபதி யார் என்பதை அத்தலைப்பே உரைத்துவிடுகிறது.

போர் முடிந்தபின் முன்னாள் படைவீரர் நலத்துறையில் பணியேற்று, 1950 முதல் 1954வரை அத்துறையின் செயலர் நிலையில் இருந்தார். கால் இழந்தவர், கண் இழந்தவர், வேலையற்றவர், கைம்பெண்கள் ஆகியோரின் கோப்புகள் நாள்தோறும் அவர் மேசைக்கு வந்திருக்கும். போரின் செலவு வெற்றி நாளோடு முடிவதில்லை என்பதை அலுவலகக் கணக்காகவே கண்டவர் அவர். அணு ஆயுதம் பற்றி அவர் பின்னர்க் கொண்ட நிலைப்பாட்டிற்குப் போர்க்களத்தைப் போலவே இந்த அலுவலகமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

3. நீலத் தலைக்கவசம்

1954இல் ஐ.நா. அவை பாலத்தீனப் போர்நிறுத்தக் கண்காணிப்பு அமைப்பின் தலைமைப் பொறுப்பிற்குப் பர்ன்ஸை அழைத்தது. எருசலேம் சென்றார். இசுரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் இடையே நாள்தோறும் நிகழ்ந்த எல்லை மோதல்களை விசாரித்து அறிக்கை எழுதுவது பணி. இரு தரப்பினரும் அவரைக் குறைகூறினர்.

1956 அக்டோபர் இறுதியில் சூயஸ் நெருக்கடி போராக வெடித்தது. இசுரேல், பிரான்சு, பிரித்தானியா ஆகிய மூன்றும் எகிப்தைத் தாக்கின. கனடிய வெளியுறவு அமைச்சர் லெஸ்டர் பியர்சன் ஐ.நா. பொதுப்பேரவையில் புதியதோர் வழியை முன்வைத்தார். போரிடுவோர் இடையே நின்று அவர்களைப் பிரிக்கும் பன்னாட்டுப் படை என்பதே அது. நவம்பர் 5ஆம் நாள் பேரவை அப்படையை அமைக்கத் தீர்மானித்துப் பர்ன்ஸையே அதன் தலைவராக்கியது. படை என்று ஒன்று அப்போது இல்லை; தலைவர் மட்டும் இருந்தார். இந்தியா, யூகோசுலாவியா, பிரேசில், கொலம்பியா, டென்மார்க், நோர்வே, சுவீடன், பின்லாந்து, இந்தோனேசியா, கனடா ஆகிய பத்து நாடுகளின் வீரர்கள் வந்து சேர்ந்தனர்.

இங்கே ஒரு நிகழ்ச்சி கருதத்தக்கது. கனடா அனுப்ப முன்வந்த காலாட்படையின் பெயர் 'கனடிய அரசியின் சொந்த ரைஃபிள் படை'. பெயரும் சீருடையும் பிரித்தானியப் படையை ஒத்திருந்தன. தம் நாட்டைத் தாக்கிய பிரித்தானியரைப் போலவே தோன்றும் வீரர்களை எகிப்திய மக்கள் எவ்வாறு பிரித்தறிவர் என்று அதிபர் நாசர் மறுத்துவிட்டார். தம் சொந்த நாட்டுக் காலாட்படையின்றிப் பர்ன்ஸ் படையை அமைக்க நேர்ந்தது. கனடா செய்தித் தொடர்பு, போக்குவரத்து, மருத்துவம் முதலிய துணைப்பணிகளை ஏற்றது. ஒரு பெயரும் ஓர் உடையின் நிறமும் அமைதியைக் கெடுக்க வல்லவை என்பதை அவர் கற்றார். ஐ.நா. வீரரின் நீலத் தலைக்கவசம் பிறந்ததும் அந்நாள்களிலேதான்.

தற்காப்பிற்கன்றிச் சுடாத படைக்குத் தலைமை தாங்குதல் போர்த்தொழில் கற்றவருக்குப் புதிய பாடம். அப்பாடத்தை மூன்று ஆண்டுகள் நடத்தினார். பியர்சன் 1957இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார். அவர் மொழிந்ததைக் களத்தில் நிறைவேற்றிய பர்ன்ஸ் 1959 திசம்பரில் பொறுப்பை இந்தியப் படைத்தலைவர் பி. எஸ். கியானியிடம் ஒப்படைத்து விடைபெற்றார். இப்பணியின் அனுபவத்தை 1962இல் 'அரபியருக்கும் இசுரேலியருக்கும் இடையே' என்னும் பொருள்படும் நூலாக எழுதினார்.

4. செனீவா மேசை

அறுபத்திரண்டு வயதில் ஓய்வை நாடாமல், கனடிய அரசின் ஆயுதக் களைவு ஆலோசகராகத் தூதுவர் தகுதியுடன் பர்ன்ஸ் பொறுப்பேற்றார். அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஓவர்ட் கிரீன் முதல் உலகப் போரில் போரிட்டவர். அணு ஆயுதத்தை அடியோடு வெறுத்தவர். இருவருக்கும் நோக்கம் ஒத்தது.

1960 மார்ச் 15ஆம் நாள் பத்து நாடுகளின் ஆயுதக் களைவுக் குழு செனீவாவில் கூடியது. மேற்கிலிருந்து ஐந்து, கிழக்கிலிருந்து ஐந்து. சிக்கல் எங்கே இருந்தது என்பதைச் சுருக்கமாக விளக்குவது தேவை. ஆயுதம் குறைக்கும் முன்பே சோதித்தறியும் ஏற்பாடு வேண்டும் என்றது மேற்கு. சோதனையின்றி வாக்குறுதியை எவ்வாறு நம்புவது என்பது அதன் கேள்வி. ஆயுதம் குறையாத நிலையில் சோதனை என்பது ஒற்றாடலே என்றது சோவியத்து ஒன்றியம். இரு வாதத்திலும் ஓரளவு உண்மை இருந்தமையால் முடிச்சு மேலும் இறுகியது. மே முதல் நாள் அமெரிக்க யூ-2 உளவு விமானம் சோவியத்து வானில் வீழ்த்தப்பட்டது. பாரீசு உச்சி மாநாடு முறிந்தது. சூன் 27ஆம் நாள் கிழக்கு நாடுகளின் பேராளர்கள் எழுந்து வெளியேறினர். மூன்றரைத் திங்கள் உழைப்பு வெற்று நாற்காலிகளில் முடிந்தது.

இடைவெளி ஆயுதத்திற்கே நன்மை தந்தது. 1961 அக்டோபர் 30ஆம் நாள் சோவியத்து ஒன்றியம் ஏறத்தாழ 50 மெகாடன் ஆற்றலுள்ள குண்டொன்றை வெடித்துப் பார்த்தது. இரோசிமா குண்டின் ஆற்றல் ஏறத்தாழ 15 கிலோடன். ஒரே வெடிப்பில் மூவாயிரம் இரோசிமாக்களுக்கு மேல்!

1962 மார்ச் 14ஆம் நாள் பேச்சு மீண்டும் தொடங்கியபோது மேசை பெரிதாகியிருந்தது. இரு அணிகளையும் சாராத இந்தியா, பர்மா, எத்தியோப்பியா, நைசீரியா, மெக்சிகோ, பிரேசில், சுவீடன், ஐக்கிய அரபுக் குடியரசு ஆகிய எட்டு நாடுகள் சேர்ந்தன. பதினெட்டு நாடுகளின் குழு என்பது பெயர்; பிரான்சு தன் இருக்கையில் அமரவே இல்லை. ஏப்ரலில் அந்த எட்டு நாடுகளும் ஒன்றிணைந்து அணுச் சோதனைத் தடைக்கு ஒரு நடுவழியை எழுத்தில் வைத்தன. படை வலிமையற்றோர் சொல் வலிமையால் அவையேறிய நிகழ்ச்சி என்று அதனைக் கூறலாம்.

அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில், எண்பத்து மூன்று வயதான இராசாசி காந்தி அமைதி அறக்கட்டளைக் குழுவின் தலைவராக வாசிங்டன் சென்று அதிபர் கென்னடியைச் சந்தித்து அணுச் சோதனையை நிறுத்துமாறு வேண்டினார். அடுத்த மாதமே கியூபா நெருக்கடியில் உலகம் அழிவின் விளிம்பில் நின்றது. அந்த அச்சம் வல்லரசுகளின் பிடிவாதத்தைச் சற்றே தளர்த்தியது. நில அதிர்வைக் கொண்டு கண்டறிய இயலாத நிலத்தடிச் சோதனைகளை நேரில் ஆராய ஆண்டுக்கு எத்தனை முறை வரலாம் என்பதே இறுதிச் சண்டை. சோவியத்துத் தரப்பு இரண்டு அல்லது மூன்று என்றது. அமெரிக்கா ஏழு வரை இறங்கி வந்தது. மூன்றுக்கும் ஏழுக்கும் இடையே முழுத்தடை வீழ்ந்தது. 1963 ஆகஸ்டு 5ஆம் நாள் மாசுகோவில் மூன்று வல்லரசுகள் வானிலும் விண்ணிலும் நீரிலும் சோதனையை விலக்கி ஒப்பமிட்டன, நிலத்தடி விலக்கப்படவில்லை. மூன்று, ஏழு என்னும் எண்களை எண்ணிப் பாருங்கள். வேறுபாடு நான்கு பயணங்கள். அதன் விளைவாக நிலத்தடியில் சோதனைகள் பல்லாண்டுகள் தொடர்ந்தன.

5. இல்லத்தில் ஒன்று, அவையில் ஒன்று

பர்ன்ஸ் வாழ்வின் மிகக் கடினமான முரண் இக்காலத்தில்தான் நேர்ந்தது. செனீவாவில் அவர் அணு ஆயுதம் பரவலாகாது என்று வாதிட்டுக்கொண்டிருந்தார். தாயகத்திலோ அணுகுண்டு பொருத்துவதற்காகவே அமைந்த 'போமார்க்' ஏவுகணைகள் 56 நிறுவப்பட்டிருந்தன. குண்டு ஏற்கலாமா கூடாதா என்பதில் பிரதமர் டீஃபன்பேக்கரின் அமைச்சரவை இரண்டாகப் பிளந்தது. 1963 பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சர் ஆர்க்னஸ் பதவி விலகினார். அடுத்த நாளே அரசு நாடாளுமன்றத்தில் வீழ்ந்தது. தேர்தலில் வென்று வந்தவர் பியர்சன். அமைதிப் படையை முன்மொழிந்து நோபல் பரிசு பெற்ற அதே பியர்சன்! முந்தைய அரசு நட்பு நாடுகளுக்குத் தந்த வாக்கைக் காக்க வேண்டும் என்று கூறி அவர் அமெரிக்க அணுகுண்டுகளை ஏற்றார். 1963இன் இறுதி நாளில் அவை கனடிய மண்ணில் வந்திறங்கின.

பர்ன்ஸ் விலகவில்லை. அதே அரசின் பேராளராகச் செனீவாவில் தொடர்ந்தார். இது குறித்து இருவேறு தீர்ப்புகள் கூறலாம். மனச்சான்றுள்ளவர் விலகியிருக்க வேண்டும் என்பது ஒன்று. மேசையை விட்டு எழுந்தவர் பேச்சையும் விட்டவராவார் என்பது மற்றொன்று. 1960 சூனில் எழுந்து சென்றவர்களின் வெற்று நாற்காலிகளைக் கண்டவர் அவர். 1972இல் தாம் எழுதிய ஆயுதக் களைவு வரலாற்று நூலுக்கு 'மேசையில் ஓர் இருக்கை' என்னும் பொருளில் பெயரிட்டார். அத்தலைப்பில் பெருமிதமும் உண்டு, இருக்கை மட்டுமே கிடைத்தது என்னும் கசப்பும் உண்டு எனத் தோன்றுகிறது. என்னளவில் இரண்டாம் தீர்ப்பையே ஏற்கிறேன். எனினும் அவர் அரசின் முரணை அவர் தங்கியிருந்தது மறைக்க உதவியது என்பாரின் வாதத்தையும் எளிதில் தள்ளிவிட இயலாது.

தங்கியிருந்தவர் வாளாவிருக்கவில்லை என்பதற்கு 1966இல் வெளிவந்த நூலே சான்று. அக்காலத்து அணுப்போர் வல்லுநர்கள் 'மெகாடெத்' என்னும் அளவைச் சொல்லைப் புழக்கத்தில் விட்டிருந்தனர். பத்து இலட்சம் மனிதரின் சாவு ஒரு மெகாடெத். நெல்லை மூட்டையாக அளப்பதுபோல் சாவை அளக்கும் சொல் அது. இருபது மெகாடெத், நாற்பது மெகாடெத் என்று அட்டவணை இடும்போது சாகும் மனிதர் கண்ணிலிருந்து மறைகின்றனர். பர்ன்ஸ் தம் நூலுக்கு 'மெகாமர்டர்' என்று பெயர் வைத்தார். சாவு என்னும் சொல்லை நீக்கிக் கொலை என்னும் சொல்லை அங்கே வைத்தார். சாவுக்குச் செய்பவன் இல்லை, கொலைக்கு உண்டு. படைக்கலம் ஏந்தாத மக்களைப் பெருந்திரளாக அழிப்பதைப் போர்முறையாக ஏற்க இயலாது என்பது அவர் வாதம். அதனைச் சொன்னவர் படைகளைத் தாமே களத்திற்கு ஏவிய தளபதி. போர் என்பது இன்னது என்று அறிந்தமையால்தான் அணுப்போர் போரன்று என்று சொல்லும் உரிமை அவருக்கு இருந்தது.

நம் பரணி நூல்கள் களத்தில் பட்ட யானைகளை எண்ணின. ஆயிரம் யானைகளைக் கொன்ற வீரனுக்குப் பாடப்படுவது பரணி என்பது பாட்டியல் மரபு. எண்ணினாலும் அங்கே பேய்கள் கூழடும் காட்சியில் குருதியும் பிணமும் மறைக்கப்படவில்லை. இன்றைய போர்த்துறை மொழியோ களத்தையே காட்டாமல் எண்ணை மட்டும் காட்டுகிறது. சொல்லின் இந்தக் களவைக் கண்டுபிடித்தவர் புனைபெயரில் இலக்கிய இதழுக்கு எழுதிப் பழகிய ஒரு படைத்தலைவர் என்பது நம் போன்றோர்க்கு உவகையும் பொறுப்பும் தருவதாகும்.

6. இந்திய நோக்கில்

பர்ன்ஸின் முயற்சியை இந்தியராகிய நாம் நடுநிலையோடு மதிப்பிட வேண்டும். 1956இல் கனடா இந்தியாவுக்கு ஆய்வு உலை ஒன்று வழங்க உடன்பட்டது. அணுவை அமைதிப் பணிக்கே பயன்படுத்துதல் அதன் நோக்கம். அமெரிக்கா கனநீர் தந்தது. திராம்பேயில் எழுந்த அந்த 'சைரஸ்' உலை 1960 சூலை 10ஆம் நாள் இயங்கத் தொடங்கியது. பத்து நாடுகளின் குழு செனீவாவில் முறிந்து சரியாகப் பதின்மூன்று நாள்களே ஆகியிருந்தன. ஆயுதம் பரவலாகாது என்று கனடாவின் தூதுவர் ஒரு பக்கம் மன்றாட, ஆயுதத்திற்கும் உதவக்கூடிய புளூட்டோனியத்தைத் தரும் உலை கனடாவின் கொடையாக மறுபக்கம் இயங்கிற்று.

1964 அக்டோபரில் சீனா அணுகுண்டு வெடித்தபின் செனீவாவில் பரவல் தடை ஒப்பந்தப் பேச்சு சூடுபிடித்தது. இந்தியப் பேராளர் வி. சி. திரிவேதி எழுப்பிய வினா எளியது. இல்லாதவர் பெறலாகாது என்று விதிக்கும்போது, இருப்பவர் பெருக்கலாகாது என்றும் விதிக்க வேண்டாமா? நடுநிலை கொண்ட எவரும் இவ்வினாவின் நீதியை மறுக்க இயலாது. 1968 சூலை 1ஆம் நாள் ஒப்பந்தம் ஒப்பத்திற்கு வைக்கப்பட்டது. வல்லரசுகள் ஆயுதக் களைவுக்காக நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்தும் என்று அதன் ஆறாம் உறுப்பு கூறியது. காலவரையறை எதுவும் இல்லை. இந்தியா ஒப்பமிடவில்லை.

1974 மே 18ஆம் நாள் பொக்ரானில் இந்தியா நிகழ்த்திய வெடிப்பிற்குச் சைரஸ் உலையின் புளூட்டோனியமே பயன்பட்டது. கனடா நம்பிக்கை மோசம் என்று கூறி அணுத்துறை உறவை நிறுத்தியது. அமைதிக்கான சோதனை என்றது இந்தியா. இங்கும் ஒரு சொல் தன் பொருளை மறைத்தது. 'மெகாடெத்' என்னும் சொல்லில் உள்ள மறைப்பைச் சுட்டிய பின், 'அமைதி வெடிப்பு' என்னும் சொல்லில் உள்ள மறைப்பை மட்டும் காணாததுபோல் கடந்து செல்வது நேர்மையாகாது. 1998இல் அந்த மறைப்பும் நீங்கியது.

7. எஞ்சியது என்ன?

1960களின் இறுதியில் பர்ன்ஸ் அரசுப்பணியிலிருந்து விடைபெற்றார். 1967இல் கனடாவின் உயரிய விருதும், 1981இல் பியர்சன் அமைதிப் பதக்கமும் பெற்றார். ஓட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் போரியல் கற்பித்தார். 1976இல், எண்பதை நெருங்கும் வயதில், அணுக்காலப் பாதுகாப்பைப் பொதுமக்களுக்கு விளக்கும் அறிமுக நூல் ஒன்றை எழுதினார். 1985 செப்டம்பர் 13ஆம் நாள் மறைந்தார்.

அவர் பணிகளின் பயனைக் கணக்கிட்டால் பெருமிதம் கொள்ள இயலாது. அவர் அமைத்த அமைதிப் படை 1967 மே மாதம் எகிப்தின் ஆணையால் வெளியேறியது. சூன் மாதமே போர் மூண்டது. சோதனைத் தடை அரைகுறையாயிற்று. பரவல் தடை ஒப்பந்தத்தின் ஆறாம் உறுப்பு நிறைவேறாத வாக்காக நிற்கிறது. இன்று ஒன்பது நாடுகளிடம் ஏறத்தாழ 12,000 அணுகுண்டுகள் உள்ளன. 2017இல் ஐ.நா. அவையில் உருவாகி 2021இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதத் தடை ஒப்பந்தத்தில் இந்தியாவும் இல்லை, பர்ன்ஸின் கனடாவும் இல்லை.

ஆயினும் சில எஞ்சியுள்ளன. கனடிய மண்ணிலிருந்த அணுகுண்டுகள் 1984க்குள் முற்றிலும் அகற்றப்பட்டன. அதனைக் காணும்வரை அவர் வாழ்ந்தார். இரோசிமா, நாகசாகிக்குப் பின் போரில் எந்நகரின்மீதும் அணுகுண்டு வீசப்படவில்லை. பேச்சு மேசைகளில் பல்லாண்டுகள் வாதாடி அலுத்தவர்களுக்கும் அதில் சிறு பங்கு உண்டு என நம்ப இடமிருக்கிறது.

புலவர்கள் தூது சென்ற காலம் ஒன்றிருந்தது. படைத்தலைவர் தூது சென்ற காலம் ஒன்று வந்தது. இரண்டிலும் தூதின் கருவி சொல்லே. சாவு என்று எழுதியிருந்த இடத்தில் கொலை என்று திருத்தி எழுதிய அந்த ஒற்றைத் திருத்தம், அவர் வென்ற அரண்வரிசைகளைக் காட்டிலும் நீண்டு நிற்கும் என்பது என் துணிபு. அத்தகைய திருத்தத்தை இன்றைய செய்தித்தாளில் நாள்தோறும் செய்ய வேண்டியவர்கள் கவிஞர்கள். 'இலக்கு', 'பக்கச் சேதம்', 'நடவடிக்கை' என்று அச்சாகும் சொற்களுக்குப் பின்னே எத்தனை வீடுகள், எத்தனை பிள்ளைகள் என்று கேட்கும் பணி அது. பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிச் சொல்லை நிறுத்துப் பார்க்கக் கற்ற நம் வட்டத்தினர்க்கு அப்பணி இயலாததன்று.